ஸ்பானருக்குப் பூஜை, பிடித்தவனுக்கு இழிவா?

மோட்டார் சைக்கிளை வீட்டு வாசலில் நிறுத்தித் தானே பழுது பார்த்துக்கொள்ளுவது ஒரு பத்திரிகையில் எழுதத்தக்க விஷயமா என்று சிலர் கேட்கக்கூடும். எழுதத்தக்க விஷயம்தான் என்பது நமது அபிப்பிராயம். ஏனென்றால், நம் மக்களின் ஜாதிப் புத்தியும் மூடப் புத்தியும் இந்த இரண்டு சக்கர வண்டியின் மீது ஜோடியாய் ஏறிச் சவாரி செய்கின்றன.

புது வண்டி வாங்குகிறவன் என்ன செய்கிறான்? ராகுகாலம் பார்க்கிறான். கோயில் வாசலுக்குக் கொண்டுபோய், சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்கி, புரோகிதனுக்குத் தட்சணை கொடுக்கிறான். ஆயுத பூஜை வந்தால் ஸ்பானருக்கும் சுத்திக்கும் சந்தனப் பொட்டு வைத்துப் பொரி கடலை படைக்கிறான். ஆனால், அந்த ஸ்பானரை வருஷம் முழுவதும் பிடித்து வேலை செய்கிறவனுக்கு என்ன மரியாதை? அவனை "வாடா, போடா" என்கிறான். தன் மகன் எண்ணெய்க் கையோடு நின்றால், "படிக்காவிட்டால் இந்தக் கதிதான்" என்கிறான். கருவிக்குப் பூஜை, கருவியைப் பிடித்தவனுக்கு இழிவு என்பது எந்த ஊர் நியாயம்? உழைக்கிறவன் கீழ், உட்கார்ந்து தின்கிறவன் மேல் என்கிற மனுதர்மம்தானே இது?

நிற்க, சென்ற மழைக்காலத்தில் எங்கள் தெரு நண்பர் ஒருவருடைய வண்டி பல நாள் திணறி, ஒருநாள் காலையில் கிளம்பவே மறுத்துவிட்டது. வீட்டார் கண்ணேறு என்றார்கள். ஒரு பட்டறையில் எஞ்சினையே இறக்க வேண்டும், ஐயாயிரம் ரூபாய் ஆகும் என்றார்கள். நண்பரும் நானும் இரண்டையும் ஒதுக்கிவிட்டு, எஞ்சினையே கேட்டுப் பார்ப்பதென்று உட்கார்ந்தோம்.

எஞ்சின் ஓடுவதற்கு மூன்று காரியங்கள் வேண்டும். பெட்ரோலும் காற்றும் அளவாய்க் கலந்து உள்ளே வரவேண்டும். அது நன்றாய் அழுத்தப்பட வேண்டும். தக்க சமயத்தில் தீப்பொறி விழவேண்டும். 1876-ல் ஜெர்மனியில் நிக்கோலஸ் ஓட்டோ என்பவர் செய்த நான்கு வீச்சு எஞ்சினின் வழிவந்த இன்றைய பெட்ரோல் வண்டிகளில் இதுதான் சங்கதி. நான்காவதாக நவக்கிரகத்தின் தயவும் வேண்டுமென்று எந்த எஞ்சினும் கேட்டதில்லை.

பிளக்கைக் கழற்றினோம். அது பெட்ரோலில் நனைந்திருந்தது. ஆகவே பெட்ரோல் வருகிறது. அதைத் துடைத்து, பக்கத்தில் பெட்ரோல் கசிவு இல்லையென்று நிச்சயித்துக்கொண்டு, எஞ்சின் உலோகத்தில் படும்படி வைத்துக் கிக்கரை உதைத்தோம். நீலப்பொறி வந்தது, ஆகவே மின்சாரமும் வருகிறது. மிச்சம் அழுத்தம். கிக்கரோ கையால் அழுத்தினாலே பஞ்சுபோல் இறங்கிற்று. பிளக் துவாரத்தில் ஒரு கரண்டி எஞ்சின் ஆயில் விட்டுப் பிளக்கைப் பூட்டி மறுபடி உதைத்தோம். இதில் அழுத்தம் கூடினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது; கூடாவிட்டால் பெரும்பாலும் வால்வில் கசிகிறது என்று அர்த்தம். கூடவில்லை. மூடியைத் திறந்து, எஞ்சின் ஆறியிருக்கையில், பிஸ்டனை அழுத்த வீச்சின் உச்சியில் நிறுத்திப் பார்த்தால், டேப்பெட்டில் இருக்கவேண்டிய இடைவெளி அறவே இல்லை! அந்த இடைவெளி ஒரு தாளின் கனந்தான். ஆனால் அது இல்லாவிட்டால், சூட்டில் உலோகம் நீளும்போது வால்வு முழுவதும் மூடாது, அழுத்தம் கசியும், நாளடைவில் வால்வே கருகிவிடும். கைப்புத்தகத்தில் கண்ட அளவுக்கு ஃபீலர் கேஜ் வைத்துச் சரிசெய்தோம். நாலாவது உதையில் கிளம்பிற்று. மூடிக்கு ஒரு கேஸ்கெட் வாங்கியதுதான் செலவு. பூசணிக்காய் உடைத்திருந்தால் டேப்பெட் தானாய்த் தளர்ந்திருக்குமா?

கோவை ஜி. டி. நாயுடுவைப் பாருங்கள். பள்ளிப் படிப்பு அதிகமில்லாதவர். ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஹோட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கி, அக்கு வேறு ஆணி வேறாய்க் கழற்றித் திரும்பப் பூட்டினார். அந்தக் கைதான் 1920-ல் பொள்ளாச்சி - பழனி பாதையில் பஸ் விட்டது. பிறகு பல இயந்திரங்களையும் செய்தது.

"இப்போதைய வண்டி முழுவதும் கம்ப்யூட்டர், நம்மால் ஆகாது" என்பார்கள். 2020 ஏப்ரலில் வந்த புகை விதிக்குப் பிறகு புது வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் போய் மின்னணுக் கருவி வந்துவிட்டது மெய்தான். ஆனால் பிளக்கும் டேப்பெட்டும் காற்று வடிகட்டியும் எங்கே போயின? அன்றியும், வேதத்தைச் சூத்திரன் கேட்கக் கூடாதென்று மறைத்த பார்ப்பனீயத்திற்கும், பழுது பார்க்கும் புத்தகத்தைச் சொந்தக்காரனுக்கே மறைக்கிற கம்பெனிக்கும் என்ன வித்தியாசம்? 2022-ல் இந்திய அரசாங்கமே பழுது பார்க்கும் உரிமையைப் பற்றி யோசிக்கக் குழு போட்டு, மோட்டார் வண்டிகளையும் அதில் சேர்த்தது. கேட்கிறவனுக்குத்தான் உரிமை.

எல்லாவற்றையும் நாமே செய்யவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. சிலிண்டர் போரிங்கும் கிராங்க் பேரிங்கும் லேத் பட்டறை வேலை. அதைத் தெரிந்தவரிடம் கொடுங்கள். "வாங்க" என்று சொல்லிக் கொடுங்கள். ஒருமுறை டேப்பெட்டோடு நீங்களே மல்லுக்கட்டியிருந்தால் அந்த மரியாதை தானாய் வரும்.

ஆகவே தோழர்களே! அடுத்த ஆயுத பூஜையன்று ஸ்பானருக்குப் பொட்டு வைக்காதீர்கள்; அதைக் கையில் எடுங்கள். பக்கத்தில் மகனை மாத்திரமல்ல, மகளையும் உட்கார வையுங்கள். "ஏன் நின்றது?" என்று எஞ்சினைக் கேட்கப் பழகிய பிள்ளை, நாளைக்கு "ஏன் நான் கீழ்ஜாதி?" என்று சாஸ்திரத்தையும் கேட்கும்.