செல்லும் பணமும் செல்லாத பணமும்

சென்ற வாரம் கல்பாக்கத்தில் தங்கியிருந்த சமயம், அருகிலுள்ள சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டையின் நிழலில் உட்கார்ந்து இரண்டு புத்தகங்கள் படித்தோம்.

ஒன்று, பாக்கியம் ராமசாமியின் அப்புசாமி கதைகள். கிழவனார் கைச்செலவுக்கு மனைவியிடம் கெஞ்சுகிறார். சீதாப்பாட்டியோ இங்கிலீஷ் கலந்து பேசும், பாட்டிகள் முன்னேற்றக் கழகத்தின் தலைவி! சில இடங்களில் ஹாஸ்யம் சற்று மிகைதான். ஆயினும் பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி நாம் சிரித்தது மெய்.

மற்றொன்று, 2020-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்ற நாவல், இமையத்தின் 'செல்லாத பணம்'. எஞ்சினீயரிங் படித்த ரேவதி, பெற்றோர் மனத்துக்கு மாறாக ஆட்டோ ஓட்டும் ரவியை மணக்கிறாள். பின்னர் தீக்காயங்களுடன் புதுச்சேரி ஜிப்மரில் கிடக்கிறாள். தகப்பனாரிடம் பணமிருக்கிறது; அந்த வார்டின் வாசலில் அது செல்லவில்லை. ஆஸ்பத்திரிப் பகுதி நீளமென்று சிலர் குறை கூறலாம். அங்கே காத்திருந்து அறிந்தவர்கள் அவ்வாறு சொல்லமாட்டார்கள்.

அப்புசாமிக்குப் பணம் வேடிக்கை. இத்தகப்பனாருக்கோ காலங்கடந்த பரிகாரம். பெண்ணைப் பெற்றவர்கள் இந்நாவலை அவசியம் படிக்கவேண்டும்.

நமக்கும் ஒரு பெண் உண்டு. அவள் விவாகத்தில் நேர்ந்த மனஸ்தாபத்தால் மூன்று மாதங்களாகப் பேசாதிருந்தோம். அன்றிரவே டெலிபோனில் அழைத்தோம். "என்ன விசேஷம், அப்பா?" என்றாள். "ஒன்றுமில்லை அம்மா, சாப்பிட்டாயா?" என்றோம்.