இரண்டு வருஷச் சம்பளம்

எம்.பி.பி.எஸ்.ஸில் நமக்கு எத்தனை இடம், ஐ.ஐ.டி.யில் எத்தனை பேர் என்று கணக்குப் போடுகிறோம். போடத்தான் வேண்டும். ஆனால் நம் தெருக்களிலிருந்து டாக்டராகப் போனவர்களைவிட நர்சாகப் போன பெண்கள்தான் அதிகம். இவர்கள் கணக்கை எந்தக் கூட்டத்திலும் யாரும் வாசித்ததில்லை. நாலு வருஷ பி.எஸ்சி. நர்சிங்குக்கு மார்க்கோ பணமோ எட்டாமல், மூன்று வருஷ ஜி.என்.எம். டிப்ளமோ படித்து, ஏதோ ஒரு நர்சிங் ஹோமில் நைட் டூட்டி பார்த்துக்கொண்டிருக்கிற பெண் அவள். பட்டம் வாங்க அவளுக்கு இன்னொரு வாசல் இருக்கிறது: போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங், இரண்டே வருஷம். மூன்றும் இரண்டும் ஐந்து. நாலு வருஷத்தில் வசதியுள்ளவள் வாங்குவதை இவள் சுற்றி வந்து வாங்க வேண்டும். இருந்தாலும் வாசல் வாசல்தான்.

இந்த வேலைக்கு ஒரு சரித்திரம் உண்டு. ரத்தமும் மலமும் தீட்டு என்று சாதி இந்துக்கள் ஒதுங்கி நின்ற காலத்தில் பிள்ளைப்பேறு பார்த்தது நாவிதர் வீட்டு மருத்துவச்சியும் சேரிப் பெண்ணும்தான். வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் நர்சிங் பள்ளி தொடங்கினார். பட்டப்படிப்பு 1946இல்தான் வேலூரிலும் டெல்லியிலும் வந்தது. பின்னால் துபாய், லண்டன், அமெரிக்கா விசா வந்தது பாருங்கள், தீட்டு தானாகக் கழன்றுகொண்டது! இன்றைக்கு டிப்ளமோக்காரி பெட்பான் எடுக்கிறாள், டிகிரிக்காரி மேற்பார்வை பார்க்கிறாள். அதனால்தான் இந்த இரண்டு வருஷம் முக்கியம். இது கையில் இருந்தால் டியூட்டர் ஆகலாம். 55 சதவீதம் எடுத்து, முன்பே ஒரு வருஷம் வேலை பார்த்திருந்தால் எம்.எஸ்சி.க்குப் போகலாம்.

விண்ணப்பம் போடுவதிலேயே பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். கீழ்ப்பாக்கத்துத் தேர்வுக்குழுவில் கேட்பது புதிதாக ஒன்றுமில்லை: பிளஸ் டூ மார்க் ஷீட், ஜி.என்.எம். மார்க் ஷீட்டுகள், தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவு, சாதிச் சான்றிதழ். ஆனால் அசல் சான்றிதழ் அவள் வீட்டில் இல்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே தனியார் ஆஸ்பத்திரி வாங்கி பீரோவில் பூட்டிவிட்டது. ரெண்டு வருஷ பாண்ட், நடுவில் போனால் பணம் கட்டு என்கிறான். கடைசி தேதி நெருங்கும்போது தனியாகப் போய்க் கெஞ்சினால் கிடைக்காது. தோழர்கள் நாலு பேர் கூடப் போங்கள், எழுத்தில் கேளுங்கள். பீரோ திறக்கும்.

அடுத்தது ஸ்காலர்ஷிப் மேசை. "ஏம்மா, டிப்ளமோவுக்கே வாங்கிட்டியே, திரும்பவும் எதுக்கு?" என்று கிளார்க் கேட்பார். விதி அப்படிச் சொல்லவில்லை. ஒரே படியில் இன்னொரு பாடம் படித்தால்தான், அதாவது பி.ஏ. முடித்துவிட்டு பி.காம். சேர்ந்தால்தான், உதவித்தொகை கிடையாது. டிப்ளமோவிலிருந்து பட்டம் என்பது மேல் படி. 2012இல் வந்த அரசாணை 92, சுயநிதிக் கல்லூரியில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றது. கிறித்துவர்களாக மாறிய ஆதிதிராவிடர்களுக்கும் அது உண்டு. 1950ஆம் வருஷத்து ஜனாதிபதி ஆணையால் அட்டவணையிலிருந்து வெளியே நிற்கும் நம் கிறித்துவப் பெண்களுக்கு அட்மிஷனில் பி.சி. பட்டியல்தான், ஆனால் கட்டண உதவியில் மாநில அரசு அவர்களைச் சேர்த்திருக்கிறது. இது தெரியாமல் வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறார்கள். இன்னொன்று. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் உதவித்தொகை இல்லை என்று மத்திய அரசு 2018இல் விதி போட்டுவிட்டது. "சீட் இருக்கு, வாம்மா" என்று கூப்பிடும் புரோக்கர் இதைச் சொல்ல மாட்டான்.

சரி, கட்டணம் போகட்டும். சம்பளம்? மாதம் 12,000 ரூபாய் வாங்குகிறவள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருஷத்துக்கு 2,88,000 ரூபாய். அந்தப் பணத்தில்தான் தம்பி படிக்கிறான், அப்பாவுக்கு மருந்து வாங்குகிறார்கள், குழுக்கடன் அடைகிறது. எந்த அரசாணையும் இந்தத் தொகையைத் தொடவில்லை. 50 படுக்கைக்குக் குறைந்த ஆஸ்பத்திரியிலும் நர்சுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று, உச்சநீதிமன்றம் சொல்லி அமைத்த குழு 2016இல் பரிந்துரைத்தது. பரிந்துரை காகிதத்தில் கிடக்கிறது. வேலையில் இருந்துகொண்டே படிக்கிற மாதிரி இக்னோ 1990களில் மூன்று வருஷப் படிப்பு ஒன்றைத் தொடங்கியது. பகலில் டூட்டி, ராத்திரியில் பாடம் என்றால் உடம்பு என்னத்துக்கு ஆகும்?

அரசு நினைத்தால் இந்தச் சம்பளக் கணக்கைத் தீர்க்க முடியும். 1943இல் அமெரிக்கா போரில் இருந்தது, நர்சுகள் போதவில்லை. போல்டன் சட்டம் போட்டு கேடட் நர்ஸ் கோர் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். 36 மாதப் பயிற்சியை 30 மாதத்துக்குச் சுருக்கினார்கள். கட்டணம், புத்தகம், சீருடை எல்லாம் அரசு செலவு. அதற்கு மேல் மாதாமாதம் கையில் 15 டாலரில் தொடங்கி உதவித்தொகை. இனம், நிறம், மதம் பார்த்து ஒதுக்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதினார்கள். சுமார் 3,000 கறுப்பினப் பெண்கள் இதில் படித்து நர்சானார்கள். அதே அரசின் ராணுவம் கறுப்பின நர்சுகளுக்குக் கோட்டா வைத்திருந்தது. (நமக்குக் கோட்டா என்றால் உள்ளே விடுவது. அங்கே கோட்டா என்றால் இத்தனை பேருக்கு மேல் விடாதே என்பது.) மேபல் ஸ்டாப்பர்ஸ் விடாமல் போராடினார், 1945 ஜனவரியில் ராணுவம் அதைக் கைவிட்டது. கருணையால் வந்த திட்டம் இல்லை அது. தேவை வந்தது, பணமும் வந்தது. கொரோனாவில் நமக்கும் தேவை வந்தது. கைதட்டினோம்.

ஆகவே கேட்க வேண்டியது கட்டணச் சலுகை மட்டும் இல்லை. போஸ்ட் பேசிக் படிக்கும் தலித் பெண்ணுக்கு இரண்டு வருஷமும் மாத ஊதியம் வேண்டும். ஒப்பந்த நர்சுகளுக்குச் சம்பளத்தோடு படிப்பு விடுப்பு வேண்டும். 2015இல் 7,700 ரூபாய்க்கு எடுக்கப்பட்டு, 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்களே, அந்தப் பெண்களிடம் போய்ப் பேசாமல் இந்தக் கோரிக்கையை எழுதக் கூடாது.

உள்ளே போனபிறகு வேறு கஷ்டம். முதல் வருஷத்திலேயே உயிர்வேதியியல், உயிர்இயற்பியல், நுண்ணுயிரியல், உளவியல். இரண்டாம் வருஷம் ஆராய்ச்சியும் புள்ளியியலும். எல்லாம் இங்கிலீஷ். ஆறு வருஷமாக இருட்டிலேயே நரம்பு கண்டுபிடித்து ஊசி போட்டவள், 'ஸ்டாண்டர்ட் டீவியேஷன்' என்ற வார்த்தையைப் பார்த்து எனக்கு மூளை இல்லை என்று முடிவு கட்டுகிறாள். மூளைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. சராசரியிலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு விலகி நிற்கிறது என்று தமிழில் சொன்னால், ஒரு வார்டின் பி.பி. சார்ட்டை வைத்தே அரைமணியில் பிடித்துக்கொள்வாள். புள்ளியியல் படித்த நம் மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்யலாம். கவிதை எழுதுவது கெட்டுவிடாது.

பாஸ் மார்க் 50. தியரியில் 25 மார்க் கல்லூரிக்குள்ளிருந்தே வருகிறது, பிராக்டிகலில் பாதி. வாய்மொழித் தேர்வில் "எந்த ஊர், அப்பா என்ன பண்றார்" என்று ஆரம்பிக்கிறவர்களிடம்தான் இந்த மார்க் இருக்கிறது. உள்மதிப்பெண்ணைத் தேர்வுக்கு முன்பே பலகையில் ஒட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். ஒருத்தி தனியாகக் கேட்டால் அடுத்த வாரம் அவளுக்கு நைட் போஸ்டிங் விழும். வகுப்பில் இருக்கிற அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், ஒரு நகலைப் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்புங்கள்.