குரைக்காத காவல் நாய்

பி.காம். படித்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். ஆடிட்டர் என்பவர் காவல் நாய். வேட்டை நாய் அல்ல. 1896-ல் ஓர் இங்கிலாந்து கோர்ட் சொன்னது. அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது: சந்தேகம் தட்டினால் அடிவரை தோண்டிப் பார்த்தே ஆகவேண்டும். இதை மட்டும் நாம் சௌகரியமாக மறந்துவிடுகிறோம்.

மறந்தால் என்ன ஆகும்? தெரேசியன்ஸ்டாட் கதையைக் கேளுங்கள்.

செக் தலைநகர் பிராகுக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் ஒரு பழைய கோட்டை நகரம். யுத்தத்துக்கு முன் சிப்பாய்களையும் சேர்த்து ஏழாயிரம் பேர் வாழ்ந்த ஊர். 1941 நவம்பரில் நாஜிகள் அங்கே யூதர்களைக் கொண்டுவந்து அடைக்க ஆரம்பித்தார்கள். 1942 செப்டம்பரில் ஜனத்தொகை சுமார் 58,000! ஜெர்மனியின் வயதான யூதர்களிடம், ஆயுசுக்கும் இடம், சாப்பாடு, வைத்தியம் என்று ஒப்பந்தம் போட்டுப் பணத்தைக் கறந்துகொண்டு ரயிலேற்றினார்கள். போய் இறங்கியவர்களுக்குக் கிடைத்தது பரணும் பேனும் பசியும்தான்.

1943-ல் டென்மார்க் யூதர்கள் நானூற்றுச் சொச்சம் பேர் அங்கே வந்துசேர, டென்மார்க் அரசு விடாமல் நச்சரித்தது. சரி, வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள் நாஜிகள்.

வீடுகளுக்குப் பெயின்ட் அடித்தாச்சு. தோட்டம் போட்டாச்சு. குழந்தைகள் நடிக்கும் இசை நாடகம்கூட ரெடி. ஊர் நெரிசலாகத் தெரியக்கூடாதே? 1944 மே மாதம் 7,503 பேரை ஆஷ்விட்சுக்கு அனுப்பியாச்சு.

ஜூன் 23. இரண்டு டென்மார்க் அதிகாரிகள். சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பில் மாரிஸ் ரோசெல் என்ற சுவிஸ் இளைஞர். காட்டிய தெருவில் நடந்தார்கள். ரோசெல் எழுதிய அறிக்கை என்ன சொன்னது? ஏறக்குறைய ஒரு சாதாரண ஊர். இங்கிருந்து யாரும் வேறெங்கும் அனுப்பப்படுவதில்லை.

போன மாதம் எத்தனை பேர் இருந்தார்கள், இப்போது எத்தனை, நடுவே குறைந்தவர்கள் எங்கே? முதல் வருஷ காமர்ஸ் மாணவன் கேட்கும் கேள்வி. மனிதர்களைச் சரக்கு இருப்பு மாதிரிப் பேச எனக்கும் கூசுகிறது. ஆனால் அந்தக் கேள்விகூட அறிக்கையில் இல்லையே!

கேட்டிருந்தால் ரயில்கள் நின்றிருக்குமா என்று நீங்கள் மடக்கலாம். நிற்காமலே போயிருக்கலாம். ஆனால், 'காட்டியதை மட்டுமே பார்த்தேன்' என்று ஒரு வரி எழுத எந்தத் துப்பாக்கி தடுத்தது? பொய்க்குச் சாட்சிக் கையெழுத்தாவது கிடைத்திருக்காது.

செப்டம்பர் 28-ல் ஆரம்பித்து ஒரே மாதத்தில் பதினெட்டாயிரம் பேருக்கு மேல் ஆஷ்விட்சுக்குப் போனார்கள். அதே ஊரில் நாஜிகளுக்காகப் பிரசாரப் படம் எடுத்துக்கொடுத்த யூத நடிகர் குர்ட் கெரோனும் கடைசி ரயிலில் போய்ச் செத்தார். மொத்தத்தில், தெரேசியன்ஸ்டாட்டுக்கு வந்த சுமார் 1,40,000 பேரில் 33,000 பேர் அங்கேயே இறந்தார்கள். ஏறக்குறைய 88,000 பேரைக் கிழக்கே அனுப்பினார்கள். அவர்களில் மிகச் சிலரே பிழைத்தார்கள்.

1979-ல் திரைப்பட இயக்குநர் குளோத் லான்ஸ்மன் ரோசெலைத் தேடிப்போய்க் கேட்டார். இப்போதும் அதே அறிக்கையில் கையெழுத்துப் போடுவேன் என்றார் மனிதர். கைதிகளில் ஒருவர்கூடத் தனக்கு ஜாடை காட்டவில்லை என்று வருத்தம் வேறு!

கழுத்தில் கத்தி இருப்பவன் கண்ணடிக்க வேண்டுமாம். இவர் பேனாவைத் திறந்து கேள்வி கேட்கமாட்டாராம்.

வேட்டை நாயாக இருக்கச் சொல்லவில்லை ஐயா. காவல் நாய்க்கும் வாய் உண்டு.