கெஞ்சலுக்கு ஒரு பட்டன் போதுமா?

வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வந்தால் கூடவே குழந்தைகளின் கெஞ்சலும் வந்துவிடும். எக்ஸெல் பைலை அவசரமாக முடிக்க வேண்டிய நேரத்தில்தான் "ஒரே ஒரு கேம்பா" என்று குரல் கேட்கும். என் அண்ணன் மகளுக்கு நான்கு வயது. அண்ணன் வேலையில் இருக்கும்போது, "மவுசுக்குத் தூக்கம் வருதாம்பா, தூங்க வைக்கிறேன்" என்று மவுசை எடுத்து மடியில் வைத்துக் கொள்வாள். அது பலிக்காவிட்டால் தோளைப் பிடித்துவிடுவாள். அடுத்து "அஞ்சே நிமிஷம்" என்று விரல்களைக் காட்டிப் பேரம். சற்று நேரத்தில் இன்னொரு கையும் சேர்ந்து பத்தாகிவிடும்.

இதைச் சமாளிக்க விண்டோஸில் மைக்ரோசாப்ட் பேமிலி சேப்டி என்ற வசதி உள்ளது. குழந்தைக்குத் தனி அக்கவுண்ட் உருவாக்கி, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் என்று அமைத்துவிடலாம். இதை அவசியம் செய்திடுங்கள். உங்கள் அக்கவுண்டிலேயே குழந்தையை விளையாட விட்டால், உங்கள் பைல்களும் மெயிலும் அதன் கைக்கு எட்டிவிடும். 2 முதல் 4 வயது வரை, உட்கார்ந்தபடி திரை பார்ப்பது ஒரு நாளைக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2019ல் வெளியிட்ட வழிகாட்டுதல். குறைந்தால் இன்னும் நல்லதாம்.

ஆனால் இந்த வசதியில் ஒரு விஷயம் எனக்கு உடன்பாடில்லை. நேரம் முடிந்ததும் கூடுதல் நேரம் கேட்பதற்கு ஒரு பட்டன் தரப்படுகிறது. குழந்தை அதை அழுத்தினால் கோரிக்கை நமக்கு வந்து சேரும். அனுமதிப்பதோ மறுப்பதோ ஒரே கிளிக். பக்கத்து அறையில் இருக்கும் பிள்ளை நமக்கு விண்ணப்பம் அனுப்புவதா? மவுசைத் தூங்க வைக்கும் கற்பனைக்கு அந்தப் பட்டனில் இடமில்லையே! கெஞ்சும்போதுதான் எப்போது கேட்கலாம், எப்படிக் கேட்டால் அப்பா சிரிப்பார் என்று குழந்தை முகம் பார்த்துக் கற்றுக்கொள்கிறது. "இந்தப் பக்கம் முடியட்டும்" என்று காரணம் சொல்லி, சொன்னபடி நடக்க நாமும் பழகுகிறோம். பல நேரங்களில் அதற்கு வேண்டியது நீங்கள் பக்கத்தில் இருப்பதுதான்.

எனவே நேர வரம்பைக் கம்ப்யூட்டர் பார்த்துக் கொள்ளட்டும். கூடுதல் நேரம் வேண்டுமென்றால் நேரில் வந்து கேட்கச் சொல்லுங்கள். சம்மதித்தால் அந்தப் பத்து நிமிடமும் கூடவே உட்காருங்கள். சிறுவர்களுக்கென்றே உருவாக்கப்பட்ட டக்ஸ் பெயிண்ட் என்ற ஓவிய புரோகிராம் 2002ல் இருந்து இலவசமாகக் கிடைக்கிறது. அதில் யானை வரையச் சொல்லி, தும்பிக்கையை நீங்கள் போடுங்கள். மறுப்பதாக இருந்தாலும், மானிட்டரிலிருந்து திரும்பி, குழந்தையின் முகத்தைப் பார்த்து மறுத்திடுங்கள்.