மக்காச்சோளமும் மானாவாரிக் குடியானவரும்

பெரம்பலூர் ஜில்லாவின் கரிசல் காடுகளில் மக்காச்சோளம் பெரும்பாலும் வானத்தை நம்பியே விளைகிறது. புரட்டாசி மழையில் விதைத்த பயிர் ஏறக்குறைய 50, 60 நாளில் பூக்கும். அதன் ஜீவநாடி அந்தச் சில தினங்களில்தான் இருக்கிறது. உச்சியிலுள்ள ஆண்பூ சொரியும் மகரந்தத்தைக் கதிரின் பட்டிழைகள் ஏற்கவேண்டும். அச்சமயம் மண்ணில் ஈரம் வற்றினால் இழை வெளிவரத் தாமதிக்கும்; மகரந்தமோ அதற்காகக் காத்திராது. மணி பிடிக்காத கதிரே மிஞ்சும். அப்புறம் பெருமழையே பெய்தாலும் யாது பிரயோஜனம்?

இளம்பருவத்தில் சிறிது வாட்டத்தைப் பயிர் தாங்கிக்கொள்ளும். பூக்கும் தருணத்தில் ஓரிரு தண்ணீர் கிடைத்தால் குடியானவர் தப்பினார். ஐப்பசியில் வீணே ஓடும் வெள்ளத்தைத் தேக்கும் பண்ணைக்குட்டையே இதற்கு மார்க்கம். கரிசல் மண்ணில் நீர் எளிதில் உறிஞ்சப்படுவதுமில்லை. 2018-ல் படைப்புழு இந்நாட்டில் புகுந்தபின் மருந்துச் செலவும் அவர் தலையில் ஏறியிருக்கிறது. கோழித் தீனிக்கு மக்காச்சோளம் வேண்டும், ஆலைகளில் எத்தனால் வடிக்கவும் வேண்டும். விளைவிப்பவருடைய நஷ்டத்தில் மட்டும் பங்குகொள்வாரில்லை!

மானியத்துக்காக அவர்களைக் கச்சேரி கச்சேரியாக அலையவிடாமல், பட்டா இல்லாத குத்தகைக்காரர்களையும் புறக்கணியாமல், அடுத்த ஆவணிக்குள் குட்டைகளை வெட்டிக் கொடுக்கும்படி சர்க்காரை வற்புறுத்துகிறோம்.