‘இன்றைக்கு மட்டும்’ என்றால் ‘நாளைக்குப் பார்ப்பம்’ என்று சொல்லுங்கள்



கிளிநொச்சியில் நான் அடிக்கடி போய்வரும் கிராமத்தில் ஓர் அம்மா இருக்கிறார். போரில் கணவரையும் மகனையும் இழந்தவர். கனடாவில் இருக்கும் மகள் மாதாமாதம் அனுப்பும் பணத்தில்தான் அவரும், உயர்தரம் படிக்கும் பேத்தியும் சீவிக்கிறார்கள்.

ஒருநாள் போனபோது என்னைக் கூப்பிட்டு இருத்தினார். “பிள்ளை, மகளாக்கள் அமெரிக்காவில வீடு ஒண்டு வாங்கியிருக்கினமாம். வருசத்தில ஒரு கிழமைதான் இருக்கலாமாம். அப்ப மத்த 51 கிழமையும் அங்க ஆர் இருக்கிறது? இனிக் காசும் குறைச்சுத்தான் அனுப்புவினமாம்” என்றார்.

அன்று மாலையே மகளுடன் தொலைபேசியில் கதைத்தோம். பிள்ளைகளுடன் புளோரிடா மாநிலத்துக்கு விடுமுறைக்குப் போன இடத்தில், கேளிக்கைப் பூங்கா ரிக்கற்றைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்லி ஒரு கூட்டத்துக்கு அழைத்திருக்கிறார்கள். ஒன்றரை மணித்தியாலம் என்றார்கள். வெளியே வர நான்கு மணித்தியாலம் சென்றது. வரும்போது ஒப்பந்தத்தில் கையெழுத்தும் விழுந்திருந்தது. “அக்கா, எனக்குச் சொல்லவே வெக்கமாக் கிடக்கு” என்று அழுதார்.

அவர் வாங்கியதன் பெயர் ‘ரைம்ஷெயார்’. ஒரு விடுதியை ஆண்டில் ஒரு கிழமை பாவிக்கும் உரிமையை முன்கூட்டியே பணம் கொடுத்து வாங்குவது. நாங்கள் நினைக்கும் வீடு அல்ல அது. அங்கே போனாலும் போகாவிட்டாலும் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் கட்டவேண்டும். அந்தக் கட்டணம் காலப்போக்கில் கூடும்.

“ஒரே இடத்துக்கே வருசா வருசம் போகவேண்டுமா?” என்று கேட்டால், ‘மாற்றிக்கொள்ளலாம்’ என்பார்கள். இதற்கென்றே நிறுவனங்கள் உள்ளன. ஆர்.சி.ஐ. 1974இலும் இன்ரர்வல் இன்ரர்நசனல் 1976இலும் தொடங்கப்பட்டவை. உங்கள் கிழமையை அவர்களிடம் வைப்பிலிட்டு, வேறொருவர் வைப்பிலிட்ட கிழமையை எடுக்கலாம். சில இடங்களில் கிழமைக்குப் பதிலாகப் புள்ளிகள் தருவார்கள்.

எமது வயல்களிலும் இப்படி ஒரு முறை இருந்தது. இன்று உன் வயலில் நான் அருவி வெட்டினால், நாளை என் வயலில் நீ வெட்டுவாய். ஆனால் அருவிவெட்டுக் காலத்து ஒரு நாளும், வேலையில்லாத காலத்து ஒரு நாளும் சமமாகுமா? ரைம்ஷெயாரிலும் அப்படித்தான். எந்தப் பருவம், எந்த இடம், எத்தனை அறை, எவ்வளவு முன்கூட்டி வைப்பிலிட்டீர்கள் என்பதைப் பார்த்தே உங்கள் கிழமைக்கு மதிப்பு வரும். பாடசாலை விடுமுறைக் கிழமையைத்தான் எல்லோரும் கேட்பார்கள். விரும்பியது கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. அங்கத்துவக் கட்டணமும், ஒவ்வொரு மாற்றத்துக்குமான கட்டணமும் வேறு.

வெளிநாட்டில் உள்ள உங்கள் உறவினர் இதை வாங்க யோசித்தால் இவற்றைக் கேட்கச் சொல்லுங்கள்:

1. வாங்கும் விலை, கடன் வட்டி, பராமரிப்பு, மாற்றுக் கட்டணம், விமானச் செலவு எல்லாம் கூட்டினால் எவ்வளவு? அதே கிழமைக்கு விடுதி அறையை வாடகைக்கு எடுத்தால் எவ்வளவு?

2. திரும்ப விற்றால் என்ன கிடைக்கும்? பெரும்பாலும் கொடுத்த விலையில் சிறு பகுதிதான். சிலர் சும்மா கொடுக்கவும் ஆளில்லாமல் இருக்கிறார்கள். இது முதலீடு அல்ல.

3. இதிலிருந்து விலகுவது எப்படி? ‘விற்றுத் தருகிறோம், முதலில் பணம் கட்டுங்கள்’ என்று வருபவர்களிடம் இரண்டாம் முறையும் ஏமாந்தவர்கள் பலர்.

4. வாயால் சொன்னதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா? எழுதாததை நம்பி ஒப்பமிடக் கூடாது.

படித்த பிள்ளை ஏன் கையெழுத்துப் போட்டாள் என்று அம்மா கேட்டார். பிரெஞ்சுச் சமூகவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் எழுதிய நூலில், பரிசு வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் கடமையும் வந்துவிடுகிறது என்று விளக்கினார். விற்பனையாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இலவசச் சாப்பாடும் ரிக்கற்றும் அதற்குத்தான். ஒருவருக்கு ‘இல்லை’ என்றால் அவருக்கு மேலுள்ளவர் வருவார். விலை குறையும். மொத்தத் தொகையைச் சொல்லாமல் மாதத் தவணையை மட்டும் சொல்வார்கள். கடைசியில், ‘இந்த விலை இன்றைக்கு மட்டும்’ என்பார்கள்.

இதற்கு மறுமொழி ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல்தான். காரணம் சொல்லத் தேவையில்லை. ‘காசில்லை’ என்றால் கடன் தருவார்கள். ‘அவரைக் கேட்கவேணும்’ என்றால் அவரையும் கூட்டிவரச் சொல்வார்கள். அடையாள அட்டையையோ வங்கி அட்டையையோ கையில் கொடுக்காதீர்கள். நல்ல பொருளானால் நாளைக்கும் நல்லதாகவே இருக்கும்.

கையெழுத்துப் போட்டவருக்கும் வழி உண்டு. புளோரிடாச் சட்டப்படி, ஒப்பந்தம் செய்த நாள், கடைசி ஆவணம் கிடைத்த நாள் ஆகிய இரண்டில் பிந்தியதிலிருந்து 10 நாட்களுக்குள் எழுத்தில் அறிவித்து ரத்துச் செய்யலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டு விதிகள் 14 நாட்கள் தருகின்றன. அந்த நாட்களில் முற்பணம் வாங்கவும் கூடாது.

மகளின் ஒப்பந்தத்திலும் அந்த 10 நாள் விதி சிறிய எழுத்தில் இருந்தது. நாங்கள் கதைத்தது ஏழாம் நாள். வெட்கத்திலேயே ஆறு நாள் போய்விட்டது. மறுநாளே பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினார். பிறகு பணம் திரும்பி வந்தது. இன்னும் நாலு நாள் பேசாமல் இருந்திருந்தால் வந்திருக்காது.

சகோதரிகளே, இது கனடாக்காரரின் கதை மட்டுமல்ல. 2009க்குப் பின்னர் எங்கள் படலைக்கும் லீசிங், தவணைப் பொருட்கள், நுண்கடன் என்று எத்தனை பேர் வந்தார்கள்! அவர்களும் மாதத் தவணையை, கிழமைத் தவணையைத்தான் சொன்னார்கள். ‘இன்றைக்கே ஒப்பம் வையுங்கோ’ என்றுதான் அவசரப்படுத்தினார்கள். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற நுண்கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவிக்கும் அளவுக்கு நிலைமை போனது.

அவசரப்படுத்துபவரிடம் அவகாசம் கேளுங்கள். கடதாசியை வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். தவறி ஒப்பமிட்டுவிட்டால் ஒளிக்காமல் அன்றைக்கே சொல்லுங்கள். ஏமாற்றியவர் வெட்கப்படட்டும், நீங்கள் ஏன் வெட்கப்படவேண்டும்?

அடுத்த மாதம் சந்திப்போம்.