லேசிக் செய்துகொள்ளும் முன்

லேசிக் சிகிச்சையில் கருவிழியின் மேற்பரப்பில் மெல்லிய மடல் ஒன்று வெட்டித் திறக்கப்படுகிறது. அடியிலுள்ள திசுவை எக்ஸைமர் லேசர் வேண்டிய அளவு செதுக்கிய பின், மடல் பழைய இடத்தில் படியவைக்கப்படுகிறது. சுற்றியுள்ள திசுவைப் பொசுக்காமல் குறித்த இடத்தை மட்டும் இந்த லேசர் அகற்றும் என்பதை 1981-இல் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்த மூவரில் ஒருவர், சென்னையில் பிறந்து மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன். இன்று ஈப்போவிலும் சுற்றுவட்டாரத்திலும் கண்ணாடியை விட்டுவிட விரும்பும் இளையோர் சொந்தச் சேமிப்பில் இதைச் செய்துகொள்கிறார்கள்.

அடிக்கடி வரும் சிக்கல் கண் உலர்வு. மடலை வெட்டும்போது கருவிழி நரம்புகளும் அறுபடுகின்றன. கண்ணீர் சுரக்கவும் இமை கொட்டவும் தூண்டுபவை அவைதாம். நரம்புகள் மீண்டும் வளரப் பல மாதங்கள் ஆகும். அதுவரை சொட்டு மருந்து தேவைப்படும். அரிதாகச் சிலருக்கு நரம்பு கோணலாக ஆறி, தீராத எரிச்சலாக மாறுகிறது. பரிசோதனையில் கண் நன்றாகவே தெரியும். வலி மட்டும் போகாது. இவர்களை “ஒன்றுமில்லை” என்று திருப்பி அனுப்புவது கொடுமை.

இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டமும் கூச்சமும் தெரிவது அடுத்தது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பங்கேற்ற ஆய்வு ஒன்றின் முடிவு 2017-இல் வெளிவந்தது. முன்பு இத்தகைய தொல்லை இல்லாதவர்களில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர், மூன்று மாதங்களுக்குப் பின் புதிதாக ஏதாவது ஒன்றைக் குறிப்பிட்டனர். அவர்களுள் மிகச் சிலருக்கே அன்றாட வேலை கெட்டது. பெரும்பாலோர் பார்வையில் நிறைவும் தெரிவித்தனர். ஆனாலும் சுங்கை சிப்புட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் இரவு ஷிப்டுக்குப் போகிறவருக்கு, எதிரே வரும் லாரியின் விளக்கு பூவாய் விரிவது சிறு தொல்லை ஆகாது. அவர் வேலை என்ன, எப்போது வண்டி ஓட்டுகிறார் என்பதைச் சிகிச்சைக்கு முன்பே கேட்டாக வேண்டும்.

வேலையைக் கேட்க இன்னொரு காரணமும் உண்டு. வெட்டிய மடல் பழைய பலத்துடன் ஒட்டுவதில்லை. பல ஆண்டுகள் கழித்துக்கூட அடிபட்டு விலகியிருக்கிறது. பேராக்கின் ரப்பர் தோட்டங்கள் பலவற்றில் பால்மரம் போய்ச் செம்பனை நிற்கிறது. அண்ணாந்து பார்த்துக் குலை அறுப்பவரின் கண்ணில் மட்டை இடிப்பதும் தூசி விழுவதும் வழக்கமான ஆபத்து. அவருக்கும், போலீஸ், ராணுவ வேலையை நாடும் இளைஞருக்கும், மடல் வெட்டாத பிஆர்கே முறை ஏற்றது. முதல் சில நாள் வலி கூடுதல், பார்வை தெளியத் தாமதம் ஆகும். ஆனால் விலகுவதற்கு மடலே இல்லை.

அஞ்ச வேண்டிய சிக்கல் கருவிழி பலமிழந்து முன்னே புடைப்பது. கருவிழியின் நடுப்பகுதி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர், அதாவது 540 மைக்ரான் தடிமன் கொண்டது. செதுக்கிய பின் மடலுக்கு அடியில் குறைந்தது 250 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும் என்பது மருத்துவர்கள் கடைப்பிடிக்கும் எல்லை. பவர் கூடக்கூடச் செதுக்க வேண்டியதும் கூடும். கருவிழி கூம்பிப்போகும் நோய் தெற்காசிய வம்சாவளியினரிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. ஒவ்வாமையால் கண்ணைக் கசக்கும் பழக்கம் அதை வளர்க்கும். அந்நோய் வெளியே தெரியாமல் தொடங்கியிருக்கும் கண்ணில் லேசர் பட்டால் புடைப்பு விரைவுபடும். கருவிழி வரைபடப் பரிசோதனை இதைப் பெரும்பாலும் முன்னரே காட்டிவிடும். வந்த பிறகு ரைபோஃபிளேவின் சொட்டும் புறஊதாக் கதிரும் கொண்டு மேலும் புடைக்காமல் தடுக்கலாம். முற்றினால் கருவிழி மாற்றம்தான். ஆகவே “உங்களுக்கு லேசிக் வேண்டாம்” என்று மறுக்கும் மருத்துவரே நல்ல மருத்துவர். கட்டுப்படாத இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும் புண் ஆறுவது தாமதமாகும் என்பதால் அதே பதில்தான் பொருந்தும்.

ஆபத்தைச் சொல்வது சட்டக் கடமையும்கூட. ஒரு கண்ணில் செய்த அறுவையால் மறு கண்ணும் பார்வை இழந்த ஆஸ்திரேலியப் பெண்ணின் வழக்கில், ஏறக்குறைய 14,000-த்தில் ஒருவருக்கே நேரும் அந்த ஆபத்தையும் மருத்துவர் சொல்லியிருக்க வேண்டும் என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1992-இல் தீர்ப்பளித்தது. மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் 2006-இல் பூ ஃபியோ நா வழக்கில் அந்த அளவுகோலையே ஏற்றது. கையெழுத்துக்கு நீட்டப்படும் படிவம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்தால், புரியும் மொழியில் விளக்கம் கேட்பது நோயாளியின் உரிமை.

பலரும் கருதாத ஒன்று, முதுமையில் வருவது. லேசிக் செய்த கண்ணில் அழுத்தம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். கண் அழுத்த நோய் தெரியாமல் போகலாம். கண்புரை அறுவையில் பொருத்தும் லென்ஸின் பவரும் கணக்குத் தவறும். சிகிச்சைக்கு முந்தைய பவர், கருவிழி வளைவு, தடிமன் ஆகிய அளவுகள் கையில் இருந்தால் இரண்டையும் சரியாகக் கணிக்க உதவும். லேசிக் செய்தவர்கள் அந்த அறிக்கையின் நகலை மருத்துவமனையில் கேட்டு வாங்கி, பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.